வலப்பக்க இதயமும் தீராத சளியும்: டர்பன் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் குடும்பம் கற்பனை. மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகக் கட்டிய நிகழ்வு இது. ஆட்களும் அவர்கள் பேச்சும் என் கைவேலை. நோயின் போக்கு, மரபணு, கருவில் நடக்கும் சங்கதிகள் மட்டும் மருத்துவம் அறிந்தபடியே.

நோயாளி

31 வயதுப் பெண். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர், பள்ளி அலுவலகம் ஒன்றில் வேலை, ஒரு பெண் குழந்தை. ஒருநாள் சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு முறை வாந்தி. விடியும்போது வலி இடது அடிவயிற்றில் வந்து நிலைத்துவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் நிமிர்ந்து நடக்க முடியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு வந்தார்.

காய்ச்சல் 38.4 டிகிரி, நாடித்துடிப்பு 118. இடது அடிவயிற்றில் கை வைத்தாலே வயிறு இறுகியது. அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் வலி இன்னும் கூடியது. இதே வலி வலது பக்கம் இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டு மாணவன்கூடக் குடல்வால் அழற்சி என்று சொல்லியிருப்பான். இடது பக்கம் என்பதால் பட்டியல் வேறு மாதிரிப் போனது: சூலகம் முறுக்கிக்கொண்டதா, கருக்குழாயில் கர்ப்பமா, சிறுநீரகக் கல்லா. கர்ப்பப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. சிறுநீரிலும் குறிப்பிடும்படி எதுவும் இல்லை.

நாடி வேகமாக இருந்ததால் இசிஜி எடுத்தார்கள். கை வயர்களிலிருந்து வரும் பதிவான முதல் லீடில் எல்லா அலையும் தலைகீழாக வந்தது. கை வயர்களை மாற்றி மாட்டிவிட்டோம் என்று நினைத்த செவிலியர், கழற்றிச் சரிபார்த்து மறுபடி எடுத்தார். அதே படம். இந்த இடத்தில் பார்க்க வேண்டியது மார்பு லீடுகளை. வெறும் கை வயர் மாறியிருந்தால், மார்பில் வரிசையாக ஒட்டும் வி1இலிருந்து வி6 வரை, ஆர் அலை எனும் மேல்நோக்கிய முனை வழக்கம்போல வளர்ந்துகொண்டே போகும். இவருக்கு வளரவில்லை, போகப் போகக் குறுகியது. இதயம் வயர் ஒட்டிய பக்கத்தில் இல்லை என்று அர்த்தம்.

மார்பு எக்ஸ்ரேயில் இதயத்தின் முனை வலப்புறம், இரைப்பையின் காற்றுக் குமிழும் வலப்புறம். இளம் மருத்துவர் ஒருவர், "படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்க" என்றார். படுக்கையிலிருந்து நோயாளியே பதில் சொன்னார்: "இல்ல டாக்டர், அது அப்படித்தான். டிபி கிளினிக்ல ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க, இதயம் வலது பக்கம்னு. அதனால ஒண்ணும் பண்ணாதுன்னாங்க."

அல்ட்ராசவுண்டில் கல்லீரல் இடது, மண்ணீரல் வலது. வீங்கிய குடல்வால் இடது அடிவயிற்றில். உள்ளுறுப்புகள் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் மாறியிருக்கும் இந்த அமைப்புக்கு சைட்டஸ் இன்வெர்சஸ் என்று பெயர். சுமாராகப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும். இவருக்காவது வலி குடல்வால் இருந்த பக்கத்திலேயே வந்தது. இந்த அமைப்பு உள்ள சிலருக்குக் குடல்வால் இடப்பக்கம் இருந்தும் வலி வலப்பக்கமே தெரியும். அது தனித் தலைவலி.

அறுவை சிகிச்சையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. லேப்ராஸ்கோப்பியில் குடல்வாலை எடுத்தார்கள். திரை, துளைகள், மருத்துவர் நிற்கும் இடம் எல்லாவற்றையும் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

'ஒண்ணும் பண்ணாது'

குடல்வாலோடு இந்தக் கதை முடிந்திருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் முடியும். அரிய எக்ஸ்ரே என்று யாராவது அதை மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், தையல் பிரித்ததும் நோயாளி வீட்டுக்குப் போவார். இங்கே அப்படி முடியாததற்குக் காரணம் மயக்க மருத்துவர். சுவாசக் குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த சளியின் அளவு அவருக்குச் சரியாகப் படவில்லை. கெட்டியாக, மஞ்சள் பச்சையாக வந்துகொண்டே இருந்தது. சிகரெட் தொடாத 31 வயதுப் பெண்ணிடம் இவ்வளவு சளிக்கு வேலையே இல்லை. நுரையீரல் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும் என்று கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தார். இந்த நிகழ்வில் எழுதப்பட்ட வரிகளிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான் என்பேன்.

நுரையீரல் மருத்துவர் வந்து கேட்ட முதல் கேள்வி, சளி எப்போதிலிருந்து? "எப்பவுமே" என்றார் நோயாளி. வருடம் முழுக்க மூக்கடைப்பு, சிறுவயதில் காதில் சீழ், காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமல். அவருடைய அம்மா இன்னும் பின்னால் போனார். நிறைமாதத்தில்தான் பிறந்தது, ஆனாலும் மூச்சுத் திணறி நாலு நாள் ஆக்சிஜனில் இருந்தது பிள்ளை. 14 வயதில் ஒருமுறை, 22 வயதில் ஒருமுறை டிபி மருந்து, ஒவ்வொரு தடவையும் ஆறு மாதம். இரண்டு முறையும் சளியில் கிருமி கிடைக்கவில்லை.

இதற்காக டிபி கிளினிக்கைத் திட்டுவது சுலபம். ஆனால் டிபி இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் நாள்பட்ட இருமலும் எக்ஸ்ரேயில் நிழலும் இருந்தால் மருந்தை ஆரம்பிப்பது நியாயமான முடிவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டிபி மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின், சாதாரணமாக நுரையீரலில் குடியேறும் வேறு பாக்டீரியாக்கள் சிலவற்றையும் கொல்லும். அதனால் மருந்து சாப்பிடும்வரை இவருக்குச் சளி குறைந்தது. குறைந்ததே டிபிக்குச் சாட்சி ஆகிவிட்டது. மருந்தை நிறுத்தியதும் சளி திரும்பி வந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சிடி ஸ்கேனில் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து தடித்திருந்தன. சேதம் அதிகம் நடு மடலில். அந்த மடல் சாதாரணமாக வலது நுரையீரலில் இருக்கும், இவருக்கு இடதில். நெற்றி எலும்புக்குள் இருக்க வேண்டிய சைனஸ் அறை சரியாக வளரவே இல்லை. நாள்பட்ட சைனஸ் தொல்லை, விரிந்த மூச்சுக்குழாய், இடம் மாறிய உறுப்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை சூரிச்சில் கார்டகனர் என்ற மருத்துவர் 1933இல் விவரித்தார். கீவ் நகரில் சீவர்ட் 1904இலேயே ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார். பெயர் என்னவோ கார்டகனருக்குத்தான் போனது.

அண்ணன்

தங்கைக்கு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார் அண்ணன், 36 வயது. நுரையீரல் மருத்துவர் உள்ளே நின்று பேசிக்கொண்டிருந்தபோது வெளியே ஓர் இருமல் கேட்டது. ஈரமான, அடித்தொண்டையிலிருந்து வரும், இரண்டு தவணையாக முடியும் இருமல். கட்டிலில் படுத்திருந்தவரின் இருமலும் அச்சு அதே மாதிரி. "வெளியே யாரு?" என்று மருத்துவர் கேட்டார்.

அவரையும் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயம் இடது பக்கம்தான். கல்லீரல் வலது. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில். நுரையீரலில் மட்டும் தங்கைக்கு இருந்த அதே சேதம்.

ஆயா, அதாவது இவர்களுடைய பாட்டி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க குடும்பச் சளி. இதுங்க தாத்தாவோட தம்பிக்கும் இருந்துச்சு" என்றார். கூடவே, அவராகவே, வேறொன்றும் சொன்னார்: "இவனுக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருஷம். இன்னும் ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணுக்கு என்ன தோஷமோ."

அந்தப் பெண், அதாவது அண்ணனின் மனைவி, டோங்காட்டைச் சேர்ந்தவர், சொந்தம் இல்லை. ஏழு வருடத்தில் அவருக்கு ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஆகிவிட்டது. தைப்பூசத்துக்குக் காவடிகூட எடுத்துவிட்டார். கணவரின் விந்தணுவை மட்டும் யாரும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்தபோது எண்ணிக்கை போதுமான அளவு இருந்தது, ஆனால் நகர்வு பூஜ்யம். சாயம் ஏற்றிப் பார்த்ததில் பெரும்பாலான அணுக்கள் உயிரோடுதான் இருந்தன. உயிர் இருந்தும் ஒன்றும் அசையவில்லை.

ஒரே கருவி, மூன்று இடம்

ஸ்வீடனின் பியோர்ன் அஃப்ஸெலியஸ் 1976இல் இணைத்துக் காட்டியது இதைத்தான். நகராத விந்தணு கொண்ட ஆண்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர், மூச்சுக்குழாயின் நுண்மயிர்களிலும் விந்தணுவின் வாலிலும் ஒரே பாகம் குறைவதைக் கண்டார். சிலியா எனப்படும் இந்த நுண்மயிருக்குள் சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழல்களும் நடுவில் இரண்டு தனிக் குழல்களும் உண்டு. வெளிக் குழல்களிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் டைனின் என்ற புரதக் கைகள், ஆற்றலைச் செலவழித்துப் பக்கத்துக் குழலைத் தள்ளும். மயிர் வளைவது அதனால்தான். மூச்சுக்குழாயில் இந்த மயிர்கள் சேர்ந்து துடித்துச் சளியை மேலே தள்ளுகின்றன. விந்தணுவுக்கு வாலே அதுதான். டைனின் வேலை செய்யாவிட்டால் இரண்டும் நின்றுபோகும். பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா, சுருக்கமாக பிசிடி, என்பது இந்த நோய்.

சரி, இதயம் ஏன் பக்கம் மாற வேண்டும்? கரு உருவான மூன்றாவது வாரத்தில், அதன் நடுக்கோட்டில் சிறு பள்ளம் ஒன்று இருக்கும். அங்கேயும் சிலியா உண்டு. அவை முன்னும் பின்னும் துடிப்பதில்லை, கடிகாரத் திசையில் சுழல்கின்றன. சற்று பின்னோக்கிச் சாய்ந்தபடி சுழல்வதால், மேலிருக்கும் திரவம் இடது பக்கமாக ஓடுகிறது. டோக்கியோவில் ஹிரோகாவாவின் ஆய்வகம் 1998இல் எலிக் கருவில் இந்த ஓட்டத்தைக் காட்டியது. திரவம் போய்ச் சேரும் பக்கத்தில் மட்டும் நோடல் என்ற சமிக்ஞை எழும். அது பிஐடிஎக்ஸ்2 என்ற மரபணுவை எழுப்பும். அதுவே 'இது இடது' என்று இதயத்துக்கும் குடலுக்கும் சொல்லும். மனித உடலின் இடது வலது இந்தச் சின்ன நீரோட்டத்தில் முடிவாகிறது.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. இதயத்தை வலப்பக்கம் வைக்கும் மரபணு என்று இந்த நோயில் எதுவும் கிடையாது. மரபணு கெடுப்பது பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவியை. ஓட்டம் இல்லாமல் போனால் கரு பூவா தலையா போட்டுப் பார்ப்பதுபோல ஏதோ ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. பிசிடி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியிருக்கும், பாதிப் பேருக்கு வழக்கமான இடத்திலேயே இருக்கும். மரபணு அளவில் ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு இதயம் இடது, மற்றவருக்கு வலது என்று மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. ஆகவே நம் அண்ணனும் தங்கையும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். தங்கையின் உடலில் எக்ஸ்ரேயில் பிடிபடும் அடையாளம் ஒன்று இருந்தது. அண்ணனுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அவர் தனியாக வந்திருந்தால் இன்னும் நாள்பட்ட சளிக்காரராகவே திரிந்திருப்பார்.

மூன்றாவது வகையும் உண்டு. சில உறுப்புகள் மாறி, சில மாறாமல், குழப்பமாக அமைவது. பிசிடி நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி. இதில்தான் பிறவி இதயக் கோளாறுகள் அதிகம். முழுதாக இடம் மாறுவதைவிட அரைகுறையாக மாறுவது ஆபத்து. இந்தத் தாய்க்கு முதலில் பிறந்து மூன்றாம் நாள் நீலம் பாரித்து இறந்த ஒரு குழந்தை உண்டு என்பதை, வம்சப் படம் வரைந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார். அந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று இப்போது நிரூபிக்க வழியில்லை. படத்தில் அதற்கும் ஒரு சதுரம் போட்டு, குறுக்கே கோடு இழுத்தார்கள்.

சிலியாவின் எந்தப் பாகம் கெட்டது என்பதும் முக்கியம். கருப் பள்ளத்தில் இருக்கும் சிலியாவுக்கு நடுவில் அந்த இரண்டு குழல்கள் கிடையாது. எனவே நடுக் குழல்கள் சார்ந்த மரபணு மட்டும் கெட்டவர்களுக்கு நுரையீரல் நோய் வரும், உறுப்புகள் இடம் மாறாது. இதயம் இடப்பக்கம் இருப்பதைப் பார்த்து பிசிடி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

எந்த மரபணு

மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு அண்ணன் தங்கை இருவருக்கும் மிகக் குறைவு. பிசிடிக்கு அது நல்ல தடயம். பிசிடி தரக்கூடிய மரபணுக்கள் இதுவரை ஐம்பதுக்கு மேல் தெரியும். இவர்களுக்கு வந்தது மூன்றாம் குரோமோசோமில் இருக்கும் சிசிடிசி39. இரு பிரதியிலும் ஒரே பிழை, அதனால் புரதம் பாதியில் அறுந்துபோகிறது. இது டைனின் கை அல்ல, கைகள் எங்கெங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்லும் அளவுகோல். சிலியாவின் உள்ளமைப்பு 96 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும்; அந்த இடைவெளியைக் குறிப்பது இதுவும் சிசிடிசி40உம். அளவுகோல் போனால் குழல்களின் வரிசையே கலைந்துவிடும். பிசிடி வகைகளில் நுரையீரலை அதிகம் பாதிப்பவற்றில் இது ஒன்று. இந்த மரபணுவின் பங்கு 2011இல் தெரியவந்தது நாய்களால்: ஓல்ட் இங்கிலிஷ் ஷீப்டாக் இனத்தில் இதே நோய் இருந்தது, அதே மரபணு பிறகு மனிதர்களிடமும் கிடைத்தது. ஜாதி நாய் வளர்ப்பில் ஒரே வம்சத்துக்குள் கலப்பு நடப்பதால் ஒளிந்திருக்கும் பிழைகள் அங்கே வெளியே வந்துவிடும்.

நம் குடும்பத்தில் அப்பாவும் அம்மாவும் சொந்த அத்தை மகன், மாமன் மகள். தாத்தாக்கள் மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். 1860இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். ஊரும் உறவும் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த இடத்தில், முறைப்பெண் முறைமாப்பிள்ளை கிடைத்தால் விடவில்லை. தாய் கேட்டது இதுதான்: "நாங்க சொந்தத்துல கட்டிக்கிட்டதாலயா டாக்டர்?"

நேரான பதில், ஓரளவு ஆமாம். அப்பாவும் அம்மாவும் தங்களுக்குப் பொதுவான தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பிழையை வாங்கிவந்திருக்கிறார்கள். இருவருக்கும் இன்னொரு நல்ல பிரதி இருந்ததால் இருவருக்கும் நோய் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டும் கெட்ட பிரதியாக வர நாலில் ஒரு வாய்ப்பு. ஆனால் இதைக் குற்றமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சொந்தம் அல்லாத தம்பதியருக்குக் கடுமையான பிறவிக் குறை நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், மாமன் மகள் அத்தை மகன் தம்பதியருக்கு நாலு முதல் ஆறு. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். தவறு கல்யாணத்தில் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் பிறந்த நாளிலிருந்து சளி, பெற்றோர் நெருங்கிய உறவு என்பதை யாரும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காததில் இருக்கிறது.

இதே நாட்டில் இன்னொரு சமூகம்

தமிழர்களுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை இது. தென்னாப்பிரிக்க வெள்ளையரில் ஒரு பிரிவான ஆஃப்ரிக்கானர் மக்களிடம் ஸ்க்லெரோஸ்டியோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. விரல்கள் ஒட்டிப் பிறக்கும், உயரம் கூடும், எலும்பு தடித்துக்கொண்டே போகும். கபாலம் தடித்து நரம்புகளை நெருக்கும், முகம் கோணும், காது மந்தமாகும். ஆனால் எலும்பு முறிவதே அரிது. சிறு எண்ணிக்கையில் வந்த முன்னோர்களிடமிருந்து பெருகிய சமூகம் அது, அதனால் பிழை பரவிவிட்டது. கேப் டவுனின் பீட்டர் பைட்டன் இந்தக் குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார். காரணமான எஸ்ஓஎஸ்டி மரபணு 2001இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது உண்டாக்கும் ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதம் எலும்பு வளர்ச்சிக்குப் பிரேக். அந்தப் புரதத்தைக் கட்டிப்போடும் ரோமோசோசுமாப் என்ற ஊசிக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எலும்புத் தேய்வு உள்ள மூதாட்டிகளுக்கு இன்று அது போடப்படுகிறது. ஒரு சிலரின் உடலமைப்பு ஏன் வேறாக இருக்கிறது என்று விடாமல் கேட்டதில் கிடைத்த மருந்து.

தொடர் கவனிப்பு

சிலியாவைத் துடிக்க வைக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. சளியை வெளியேற்றும் பயிற்சி தினமும், உப்புக் கரைசல் நெபுலைசர், தடுப்பூசிகள், சளி மாதிரிப் பரிசோதனை குறித்த இடைவெளியில். வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுத்தால் சளி முற்றும் தடவைகள் பாதியாகக் குறைவதை 2020இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆரம்பிக்கும் முன் டிபி அல்லாத மைக்கோபாக்டீரியா இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இருவருக்கும் அது பார்த்தே தொடங்கப்பட்டது.

தங்கையின் கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுதியாயிற்று: உறுப்புகள் முழுதும் இடம் மாறியவை, குடல்வால் எடுக்கப்பட்டது. வயர்களைப் பக்கம் மாற்றி எடுத்த இசிஜி ஒன்றும், வழக்கமாக எடுத்தது ஒன்றும் அதோடு இணைக்கப்பட்டன. நாளைக்குப் பித்தப்பை வலித்தால் இடது பக்கம் வலிக்கும் என்று அவருக்கே சொல்லிக் கொடுத்தார்கள். அவர் மகள் ஒரு பிழைப் பிரதியைக் கட்டாயம் சுமப்பாள். அவளுக்குச் சளி இல்லை, நோய்க்கான பரிசோதனை வேண்டியதில்லை.

அண்ணனின் விந்தணு உயிரோடு இருப்பதால், அதைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறை அவர்களுக்கு உதவும். மனைவி உறவு இல்லை என்பதால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. செலவு பெரிது, இன்னும் முடிவெடுக்கவில்லை. மருத்துவர் இதை விளக்கியபோது ஆயாவையும் உள்ளே உட்காரவைக்கச் சொன்னது அந்த மருமகள்தான். ஆயா கேட்டார், ஒன்றும் பேசவில்லை.

இடம் மாறிய இதயம் உள்ளவர்களில் பிசிடி இருப்பது நாலில் ஒருவருக்கு அல்லது ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு 'ஒண்ணும் பண்ணாது' என்பது பெரும்பாலும் உண்மை. வித்தியாசம் தெரிய நாலு கேள்வி போதும்: பிறந்ததும் மூச்சுத் திணறியதா, ஈர இருமல் கைக்குழந்தையிலிருந்தே உண்டா, மூக்கடைப்பு வருடம் முழுக்கவா, வீட்டில் வேறு யாருக்கும் இப்படியா? டிபி கிளினிக்கில் படம் பார்த்த இரண்டு முறையும் இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

அப்பாவழி உறவில், சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்ட இன்னொரு தம்பதி ஸ்டாங்கரில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆறு வயதுப் பையனுக்குக் காதில் ஓயாமல் சீழ். அவர்கள் கிளினிக்கில் காட்ட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாயிற்று, மூக்கு நைட்ரிக் ஆக்சைடு பரிசோதனைக்கு இரண்டு முறை தேதியும் கொடுத்தாயிற்று. இன்னும் வரவில்லை.